மூணாம் நம்பர் அக்காவின் மெர்போக்

மூணாம் நம்பர் அக்காவுக்கு, "வாங்க, உட்காருங்க" என்று வரவேற்கத் தெரியாது. வாசலில் போய் நின்றால் அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சே "கைய நீட்டு" என்பதுதான். நீட்டினால் உள்ளங்கையில் ஒரு பறவையை வைப்பார். மைனாவாக இருக்கும், சிட்டாக இருக்கும், ஒருமுறை காக்கைக் குஞ்சுகூட இருந்தது. அழகாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்க மாட்டார். "கனமா இருக்கா?" என்று கேட்பார். "இல்லக்கா" என்று நாம் சொன்ன பிறகுதான் கதவை முழுசாகத் திறப்பார். கரண்ட் பில் கொண்டு வந்த ஆளையே கை நீட்ட வைத்த மனுஷி. அவன் பயந்துபோய் பில்லைப் படியில் போட்டுவிட்டு ஓடினான்.

பறவைகள் அத்தனையும் கம்பளி. கையில் வாங்காமல் எட்ட நின்று பார்த்திருந்தால் உயிரோடுதான் இருக்கிறது என்று நானே சத்தியம் பண்ணியிருப்பேன். கழுத்தடியில் இறகு கொஞ்சம் கலைந்திருக்கும். வயிற்றுப் பக்கம் அழுக்குப் படிந்திருக்கும். கண்ணுக்கு அறுந்த பாசிமணி.

எண்பதுகளின் நடுவில், பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டு வரிசை இருந்தது. நானும் அப்பாவும் ஐந்தாம் நம்பர். அம்மா எப்போதோ போய்விட்டார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டிருந்தார்கள். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா மூணாம் நம்பரில் தனிக்கட்டை. வயது நாற்பத்தைந்து இருக்கும். தினமும் பெக்டரி பஸ் ஏறிக் கிள்ளானுக்கு வேலைக்குப் போய் வருவார்.

அந்தப் பெக்டரியில் கம்பளியையும் பஞ்சையும் பரப்பி, நூற்றுக்கணக்கான ஊசி பதித்த பலகையால் குத்திக் குத்தித் தடித்த விரிப்பாக்குவார்கள். காரின் தரையில் போடுகிற விரிப்பு. அந்த ஊசிக்குத் தையல் ஊசி மாதிரி காது கிடையாது. உடம்பில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் இருக்கும். குத்தும்போது கம்பளி இழையை உள்ளே இழுத்துக்கொண்டு போகும், வரும்போது அங்கேயே விட்டுவிட்டு வரும். தேய்ந்த ஊசியைச் சூப்பர்வைசர் குப்பையில் போடும்போது அக்கா கேட்டு வாங்கிக்கொள்வார். தரையில் விழுந்த கம்பளியையும் பையில் அள்ளி வருவார். மீதி எல்லாம் அவரே கண்டுபிடித்ததுதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. அதன்மேல் கம்பளி உருண்டை. சரக் சரக்கென்று குத்திக்கொண்டே திருப்புவார். பூனைமயிர் மாதிரி பொசுபொசுவென்று இருந்தது குத்தக் குத்த இறுகும். குத்தின இடம் பள்ளமாகும், குத்தாத இடம் மேடாகும். அப்படியே தலை, கழுத்து, நெஞ்சு என்று வந்துவிடும். நேராக உள்ளே போன ஊசி நேராக வெளியே வர வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் உடைந்துவிடும். அவர் விரல் நுனி எல்லாம் பொத்தல்.

"இந்த வெயில்ல கம்பளிய மடியில வச்சிகிட்டு உனக்கென்ன கிறுக்காக்கா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"கிறுக்குதான். உனக்கு வேலை இல்லியா, போ லா."

மூணாம் நம்பர் அக்காவிடம் பழகுவது கஷ்டம். பொய் சொல்ல வராது. வராது என்றால், வாயில் நுழையவே நுழையாது. நான்காம் நம்பர் வீட்டு நிச்சயதார்த்தத்தில், பெண்ணின் அப்பா முகமெல்லாம் பல்லாக வந்து, "பாயசம் எப்படிக்கா?" என்று கேட்டார். "அடிப்பிடிச்சுப் போச்சு" என்றார் அக்கா. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அதே நான்காம் நம்பர் வீட்டார், கல்யாண மேடையில் வைக்க ஜோடிப் பறவை செய்து தரச் சொன்னார்கள். கொஞ்சம் சிரித்த முகமாக இருந்தால் நல்லது என்றார்கள். "குருவி சிரிக்காது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்னொரு நாள் அவர் ஜன்னலில் வைத்திருந்த மீன்கொத்தியை ஒரு பூனை பாய்ந்து கவ்விக்கொண்டு ஓடியது. நாலடி போனதும் துப்பிவிட்டு, நாக்கில் ஒட்டின மயிரை எடுக்க முடியாமல் முன்னங்காலால் முகத்தைத் தேய் தேய் என்று தேய்த்தது. நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. மீன்கொத்தியை எடுத்து எச்சிலைத் துடைத்தபடி, "பூனை பரவால்ல. வாயில வச்சு நெசமான்னு பாக்குது. மனுசங்க பாக்கறதில்ல" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பூனை விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்றிருந்தது.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் பக்கவாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. மிச்சம் இருந்தது இடது கையும், முன்கூடத்தில் கூண்டில் தொங்கிய ஒரு மெர்போக்கும். மெர்போக் என்றால் கைக்குள் அடங்குகிற சின்னப் புறா. கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு, நெஞ்சில் லேசான ரோஸ், கண்ணைச் சுற்றி வெளிர்நீலம். இங்கே வீட்டுக்கு வீடு வளர்ப்பார்கள். அதன் எதிரில் சொடக்குப் போட்டால் தலையைத் தாழ்த்திக்கொண்டு கூவும்.

அப்பா காலையில் எழுந்ததும் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே இடது கையால் ஒரு சொடக்குப் போடுவார். அது கூவும். மறுபடி சொடக்கு, மறுபடி கூவல். நாள் முழுக்க இப்படியே போகும். அவருக்கு மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான். என்னோடுகூட அவருக்கு அப்படி ஒரு பேச்சு கிடையாது. நான் ஊட்டுவேன், துடைப்பேன், புரட்டிப் படுக்க வைப்பேன். பதில் சொன்னது அந்தப் பறவைதான்.

அந்த மாதம் எங்கள் பக்கம் டெங்கி. கொசுவுக்குப் புகை அடிக்க வருவதாக முதல் நாளே கதவிடுக்கில் தாள் போட்டுவிட்டுப் போனார்கள். புகை அடிக்கும் நாளில் சோற்றுப் பானையை மூட வேண்டும், கூண்டுகளைத் தூரமாகக் கொண்டுபோக வேண்டும். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தத் தாளில்தான் நான் மீன் குடலைச் சுருட்டிப் போட்டேன். மறுநாள் காலையில் அப்பாவை டக்சியில் ஏற்றி, கை கால் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டேன். கூண்டு முன்கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாயந்திரம் திரும்பி வந்தபோது வரிசை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. அப்பாவை டக்சியிலேயே உட்கார வைத்துவிட்டு முன்னால் ஓடினேன். கூண்டின் அடியில் மெர்போக் மல்லாந்து கிடந்தது. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு, கூண்டின்மேல் துணியைப் போட்டு மூடினேன். அப்பா உள்ளே வந்ததும் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொகை வாடை போற வரைக்கும் மூணாம் நம்பர் அக்கா வீட்டுல விட்டு வைக்கிறேன்பா" என்றேன். அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அதிர்ச்சி ஏதும் கூடாது, இன்னொரு தடவை அடித்தால் தாங்காது என்று. அதனால்தான் செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்பா போய்விட்டால் எனக்கு யார் இருந்தார்கள்? அது மட்டும்தான் அப்போது மண்டைக்குள் ஓடியது.

கூண்டைத் தூக்கிக்கொண்டு மூணாம் நம்பருக்குப் போனேன். அன்று அக்கா கை நீட்டச் சொல்லவில்லை. அவரே தன் கையை நீட்டினார். செத்த பறவையை வாங்கி, உள்ளங்கையில் வைத்து லேசாக மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

"இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுக்கா. உன் கால்ல விழறேன்."

"எதுக்கு?"

"அப்பாவுக்கு."

"அப்பா கையில குடுக்கறதுக்குன்னா பண்றேன். விசயத்தச் சொல்லிட்டு அவரு கையில வைக்கணும். வெறுங்கையோட விடக்கூடாது, அதுக்காகப் பண்றேன். கூண்டுல மாட்டறதுக்குன்னா வேற ஆளப் பாரு."

"சொல்லிடறேன்க்கா. சத்தியமா."

நாலு நாள் ஆனது. வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவார். சாம்பல் நிறத்துக்குக் கம்பளியைத் தேயிலையிலும் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரிலும் மாற்றி மாற்றி வேகவைத்தார். கழுத்துக் கோட்டுக்கு ஒவ்வொரு கறுப்பு இழையாக எடுத்து வைத்துக் குத்தினார். கம்பியில் கால் செய்து கம்பளி சுற்றினார். எங்கள் மெர்போக்குக்கு இடது காலில் ஒரு நகம் கிடையாது. அக்கா அந்த நகத்தை விட்டுவிட்டார்.

"அது யாருக்குத் தெரியப் போவுது, வச்சிருக்கலாமே" என்றேன்.

"இல்லாதத எதுக்கு வைக்கணும்?"

மூன்றாம் நாள் சாயந்திரம், குத்திக்கொண்டே, தலை நிமிராமல் தன் கதையைச் சொன்னார். அவர் புருஷன் போர்ட் கிள்ளானில் லோரி அட்டெண்டர். சரக்கு சரிந்து விழுந்து அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. அக்காவுக்கு அப்போது ஏழு மாசம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சொல்லக் கூடாது என்று இரண்டு குடும்பமும் சேர்ந்து முடிவு பண்ணியது. திடீரென்று சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று சொன்னார்கள். கொழுந்தன் உட்கார்ந்து அண்ணன் எழுதுவது மாதிரி கடிதம் எழுதிக் கொடுத்தான்.

"ரெண்டு மாசம் தாலியும் பொட்டுமா பாசாருக்குப் போயிட்டு வந்தேன் தங்கச்சி. ஊருக்கே தெரியும். மீன்காரனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியல. அந்தக் கடுதாசிய தலகாணிக்கு அடியில வச்சிகிட்டுப் படுத்தேன்."

"கொழந்த?"

"தங்கல. பொறந்து ஒரு நாள். அது முடிஞ்சப்புறம்தான் அவரு போனதச் சொன்னாங்க. ரெண்டையும் சேத்து." ஊசி நிற்கவில்லை. "அவர நான் பாக்கவே இல்ல. தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இன்னிக்கு வரைக்கும் கதவு தட்டற சத்தம் கேட்டா அவருதான்னு ஒரு நிமிசம் தோணுது. எல்லாம் என் நல்லதுக்குத்தான் பண்ணாங்க."

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன்கூட. அப்படியிருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் செய்து கொடுத்த மெர்போக்கைக் கொண்டுபோய்க் கூண்டுக் குச்சியில் கம்பியால் கட்டி, முன்கூடத்தில் மாட்டினேன். முன்பைவிட இரண்டு முழம் தள்ளி மாட்டினேன், அப்பா கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கட்டும் என்று. செத்த மெர்போக்கை அக்கா பப்பாளி மரத்தடியில் புதைத்துவிட்டார்.

அப்பாவின் முகம் மலர்ந்ததே, அதை நான் பார்த்தேன். இடது கையைத் தூக்கிச் சொடக்குப் போட்டார். காத்திருந்தார். மறுபடி போட்டார்.

"எறகு உதிர்ற நேரம்பா. இப்ப கூவாது" என்றேன்.

இறகு உதிர்கிறது என்றேன், புகை வாடையில் தொண்டை கட்டிவிட்டது என்றேன், புது இடம் பழகவில்லை என்றேன். தினம் தண்ணீர் மாற்றினேன். தினை போட்டேன், சாயந்திரம் பாதியை அள்ளி வெளியே கொட்டினேன், தின்றதுபோல் இருக்கட்டும் என்று. அப்பா சொடக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் தூங்கும்வரை. அந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்று தைக்கத் துணி இல்லாதபோதும் தையல் மெஷினை ஓட்டினேன். மெஷின் நின்றால் டக், டக். நான்காம் நாள் அவர் நடுவிரலில் தோல் கிழிந்துவிட்டது. பிளாஸ்டர் ஒட்டினேன். பல்லால் கடித்துப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சொடுக்கினார். நாற்காலிக் கையில் ரத்தம் தீற்றித் தீற்றிக் காய்ந்திருந்தது.

அக்கா தினமும் பஸ் இறங்கி வரும்போது எங்கள் வாசலில் நிற்பார். உள்ளே வர மாட்டார். கூண்டைப் பார்ப்பார், சொடக்கைக் கேட்பார்.

"தங்கச்சி."

"இன்னும் மூணு நாள் குடுக்கா. மனச தயார் பண்ணிட்டுச் சொல்றேன்."

மூன்று நாள் ஆனதும் இன்னொரு மூன்று நாள் கேட்டேன். ஒன்பதாம் நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. காலையில் நேராக உள்ளே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக் கூண்டைக் கழற்றினார். நான் போய் அவர் கையைப் பிடித்தேன். "வேணாங்க்கா, செத்துருவாருக்கா, வேணாம்" என்று கத்தினேன். தள்ளிவிட்டார். அவ்வளவு பலம் அந்த ஒல்லி உடம்பில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கட்டுக் கம்பியை அவிழ்த்தார், அப்பாவின் எதிரில் மண்டியிட்டார்.

"ஐயா, கைய நீட்டுங்க."

அப்பா இடது கையை நீட்டினார். அக்கா அதில் மெர்போக்கை வைத்தார். அப்பாவின் கை கனத்தை எதிர்பார்த்துக் கொஞ்சம் தாழ்ந்து, பிறகு தானாக மேலே வந்தது. அதைப் பார்த்தேன். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அக்கா சொன்னார். "செத்துப் போச்சுங்கய்யா. பொகை அடிச்ச அன்னிக்கே. இது நான் செஞ்சது."

அப்பா அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு சொடக்குக்கூடப் போடவில்லை. கம்பளி மெர்போக்கை இடது கையில் மூடி வைத்தபடியே இருந்தார். மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் தடவை அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. விரலைப் பிரித்து அந்தப் பறவையை நான்தான் எடுத்தேன்.

சாவு வீட்டுக்கு அக்கா வந்தார். எல்லார் முன்னாலும் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "எங்கப்பாவ கொன்னது நீதான்டி! நீதான் கொன்ன!" என்றேன். கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. வேறு யாராக இருந்தாலும், 'அப்படியெல்லாம் இல்லம்மா, அவருக்கு நேரம் வந்துடுச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அக்கா யோசித்தார். நிஜமாகவே நின்று யோசித்தார்.

"இருக்கலாம்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகப் பத்து வருஷம் அவரோடு நான் பேசவில்லை. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு சுங்கை பூலோவில் ஒரு அறைக்குப் போய்விட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒன்பது நாளும் அப்பா என் முகத்தை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. கண் முழுக்கக் கூண்டில்தான். அந்த மூன்று வாரம் பார்த்தார். ஊட்டும்போது பார்த்தார், துடைக்கும்போது பார்த்தார். ஒருநாள் பறவையை மடியில் வைத்துவிட்டு, அந்தக் கையால் என் கன்னத்தைத் தொட்டார். புண் ஆறி விரல் நுனி சொரசொரவென்று இருந்தது.

தொண்ணூறுகளில் ஒருநாள், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ரவிக்கைத் துணி எடுக்கப் போன இடத்தில் பழைய நான்காம் நம்பர் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார், அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று. இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். வார்டு வாசலில் ஒரு வயசானவர் என்னை நிறுத்தினார். அக்காவின் கொழுந்தன். அந்தக் கடிதம் எழுதினவர்.

"ஈரல் முழுக்கப் பரவிருச்சும்மா. ஒரு மாசம்னு சொல்றாங்க. அண்ணிகிட்ட அல்சர்னுதான் சொல்லி வச்சிருக்கோம். நீயும் அப்படியே சொல்லிடும்மா, பாவம்."

அக்கா பாதியாகிப் போயிருந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். என்னைப் பார்த்ததும், ஏன் வந்தாய் என்றோ, இத்தனை வருஷம் எங்கே போனாய் என்றோ கேட்கவில்லை.

"தங்கச்சி, எனக்கு என்னா சீக்கு?"

வாசலில் அந்த ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு சாக்கு. அவர் அங்கே இல்லாவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"அல்சர்க்கா. மருந்து சாப்ட்டா சரியாப் போயிரும்."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து என் பக்கமாக நீட்டினார். விரல் நுனியில் பழைய ஊசிப் பொத்தல்கள் கறுப்புப் புள்ளியாக இருந்தன. உள்ளங்கை விரிந்திருந்தது.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

அவர் விரலை மூடவில்லை. பழம் உருண்டு தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் போனது. குனிந்து தேடினேன். பழம் எட்டும் தூரத்தில்தான் கிடந்தது, ஆனாலும் ரொம்ப நேரம் தேடினேன். எழுந்தபோதும் அந்தக் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.